காப்பி குடிச்சிட்டு வந்துருங்க

எல்லாரும் உக்காருங்கப்பா. பேச்ச நிறுத்துங்க. ஏய், பின்னாடி நிக்கிற கண்டக்டரு, விசில வாய்லருந்து எடு. ஹெட்மாஸ்டர் சார், நீங்களுந்தான், அந்த மூக்குக் கொரல்ல சைலன்ஸ் சைலன்ஸ்னு கத்துனா எங்கிட்டுருந்து சைலன்ஸ் வரும், உக்காருங்க. பரோட்டாக் கல்லு, நீயி டொக்கு டொக்குன்னு கொத்தாத. பழைய பேப்பர்காரரு, கோலப்பொடிக்காரம்மா, ஒரு கறவ மாடு, சண்ட போடுற ரெண்டு பூன, எல்லாரும் கெடச்ச எடத்துல குத்தவச்சு உக்காருங்க. இன்னைக்கி கச்சேரி இல்ல. இன்னைக்கி சகாயம் தூங்கணும். நாந்தான் சகாயம், மேடையில பல கொரல் பேசுறவன், உங்க அம்புட்டுப் பேரையும் தொண்டையில கட்டி வச்சுச் சோறு போடுறவன், நாஞ் சொன்னா கேக்கணும். மண்டைக்குள்ள நீங்க, மண்டைக்கு வெளிய இருபத்தியோரு வயரு. ஒவ்வொரு வயருக்கு அடியிலயும் ஒரு பச, பல்பசையில மணலக் கலந்த மாதிரி, ஜில்லுன்னு, நறநறன்னு. வயரெல்லாம் சேந்து சடையாட்டம் பின்னாடி போயி ஒரு பெட்டிக்குள்ள நொழையுது. ஆஸ்பத்திரி, ரெண்டாவது மாடி, ஜன்னல் இல்லாத ரூமு. மூளையப் படம் எடுக்கிற ரூமு. ஷைலா சிஸ்டரு லைட்ட அமத்திட்டு கம்ப்யூட்டருக்குப் பின்னாடி போயி உக்காந்துட்டாங்க. அந்தம்மா நாகர்கோயில் பக்கம், வாயத் தொறந்தாலே தெரியும். "அண்ணன், கண்ண அடச்சுகிட்டு பைய ஒறங்குங்க. முழிச்சிருக்கப்ப மூள நல்ல பிள்ள மாதிரி இருக்கும், கேட்டியளா, ஒறக்கத்துலதான் அதுக்க குட்டு வெளிய வரும்." குட்டுன்னு சொன்னாங்க. அந்த வார்த்த எனக்கு ஆகல. பட்டப்பகல் பத்தேகால் மணி. ராத்திரி பூரா கண்ணு மூடக்கூடாதுன்னு உத்தரவு, மூடல. இப்ப கண்ண மூடுன்னு உத்தரவு. மூலையில பிளாஸ்டிக் சேர்ல லீமா உக்காந்திருக்கா, என் சம்சாரம், காலையில வீட்டப் பூட்டுனதுலருந்து ஒரு வார்த்த பேசல. இரும்பு கிரும்பு எதுவும் மேல இருக்கக்கூடாதுன்னாங்க, மோதரம், செயினு, வேன் சாவி, எல்லாத்தையும் கழட்டி அவகிட்டக் குடுத்தேன். மோதரத்தையும் செயினையும் பைக்குள்ள போட்டா. சாவிய மட்டும் போடல. கையிலயே வச்சிருக்கா. சாவிக்கொத்துல ஒரு சின்ன மணி கெடக்கும், அது அப்பப்ப கிணுக்குங்குது. கண்ண மூடுனாலும் அது கேக்குது.

தூக்கம் வருமா. வராது. எப்பிடி வரும், வயித்துக்குள்ள மூணு டம்ளர் காப்பி கெடக்கு. நானா குடிச்சேன், இல்ல, சிஸ்டரு சொல்லித்தான் குடிச்சேன். நேத்து சாயந்தரம் போன்ல, இதே கொரலு, இதே இழுப்பு, எனக்கு ஒரு தடவ கேட்டாப் போதும், டேப்பு மாதிரி. "அண்ணன், நாளைக்கு தலைக்கு ஷாம்பு போட்டு குளிச்சிட்டு, எண்ண தேய்க்கப்பிடாது, நல்லா காப்பி குடிச்சிட்டு வந்துருங்க, வெறும் வயித்தோட வரப்பிடாது." நல்லா. காப்பி. குடிச்சிட்டு. மூணு வார்த்தையும் தெளிவாத்தான் விழுந்துச்சு. சோதன பண்றவங்களே சொல்லும்போது நாம என்ன படிச்சவனா, எதுத்துக் கேக்க. விடியக்காலம் நாலு மணிக்கு ஒரு டம்ளரு, ஆறு மணிக்கு ஒண்ணு, கெளம்பும்போது நின்னுக்கிட்டே ஒண்ணு, டிகாசன் திக்கா, சீனி ரெண்டு கரண்டி. லீமா அடுப்புக்கிட்ட நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தா. இட்லி அவிச்சு வச்சிருந்தா, நான் தொடல. அப்பவும் ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், சிஸ்டரு சொன்னாங்க லீமான்னு. அவ கருங்கல்காரி, அதுவும் நாகர்கோயில் பக்கந்தான், பேசுறதே கம்மி, பேசினா மழ பேஞ்ச மாதிரி ஒரே கொட்டு, அப்பறம் நாலு மாசம் வெயிலு. இப்ப வெயிலு. சரி, தூங்கு. தூங்குடா சகாயம். காதுக்குள்ள தொம் தொம் தொம்னு அடிக்குது, அது என்ன, அது நெஞ்சு. தலகாணிக்குள்ள எவனோ உக்காந்து தவில் அடிக்கிறான். இந்த அடி அந்தக் கம்ப்யூட்டருல தெரியுமா. தெரிஞ்சா, அத வலிப்புன்னு நெனச்சுக்கிருவாங்களா. ஆத்தாடி, இத நான் நெனைக்கவே இல்லயே. காப்பி குடிச்சா மெஷினு ஏமாறும்னு பாத்தா, மெஷினு இல்லாததையும் இருக்குன்னு எழுதிருச்சுன்னா. இல்ல, நான் ஏமாத்தல. யாரு ஏமாத்துறது. சிஸ்டரு சொன்னாங்க, குடிச்சேன்.

டாக்டரம்மா மூணு நாளைக்கி முன்னாடி நல்லாத்தான் வெவரமா சொன்னாங்க. தங்கமான மனுசி, பேசும்போது கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கி விட்டுட்டு, அதுக்கு மேல எட்டிப் பாப்பாங்க, மதில் மேல பூன பாக்கிற மாதிரி, நான் வெளிய வந்து படியெறங்கும்போதே லீமாவுக்குச் செஞ்சு காட்டுனேன், சிரிக்கல. "ஒரு நாளைக்கி எத்தன காப்பி?" எட்டு பத்து ஓடும் டாக்டர். "எத்தன மணி நேரம் தூக்கம்?" கச்சேரி இருந்தா மூணு, இல்லாட்டி அஞ்சு. எழுதுறாங்க. காலையில ஆறரைக்கி ஸ்கூல் வேன எடுக்கணும், ராத்திரி எங்கயாச்சும் திருவிழா மேடையில பல கொரல், ரெண்டுக்கும் நடுவுல காப்பி, அதான் வண்டி ஓடுது டாக்டர்னேன். அந்தம்மா சிரிக்கல. மண்டைக்குள்ள தூக்கத்துக்குன்னு எடம் இருக்காம். நாம முழிச்சிருக்க முழிச்சிருக்க உள்ள ஏதோ ஒண்ணு ஊறி ஊறிச் சேருமாம், அது போயி அந்த எடத்துல உக்கார உக்காரத்தான் கண்ணச் சொக்குமாம். காப்பி என்ன பண்ணுது, அது தூக்கத்த வெரட்டுறதே இல்லயாம், முன்னாடியே ஓடிப்போயி அந்த எடத்துல உக்காந்துக்கிருமாம். எனக்கு ஒடனே வெளங்கிருச்சு. பஸ்ஸு நிக்கிறதுக்கு முந்தியே ஜன்னல் வழியா துண்டப் போட்டு சீட்டுப் புடிக்கிறாய்ங்கள்ல, அந்தப் பயதான் காப்பி. தூக்கம் டிக்கெட்டும் கையுமா ஏறி வருது, பாத்தா எல்லா சீட்டுலயும் துண்டு. என்ன பண்ணும், நிக்கும். எறங்கிப் போகாது. அதான் டாக்டரம்மா அழுத்திச் சொன்னாங்க, போகாது சகாயம், நின்னுக்கிட்டே இருக்கும், இன்னுங் கூட்டம் ஏறிக்கிட்டே இருக்கும், அஞ்சாறு மணி நேரம் கழிச்சுங்கூட பாதித் துண்டு அப்பிடியே கெடக்கும், அப்பறம் துண்டெல்லாம் எடுத்ததும் நிக்கிற கூட்டம் அம்புட்டும் ஒரே அமுக்கா உக்காரும். "அந்த நேரத்துல நீங்க எங்க இருக்கீங்கங்கிறதுதான் கேள்வி." கண்ணாடிக்கு மேல எட்டிப் பாத்தாங்க. "ஸ்டியரிங்ல இருக்கீங்களா?" நான் அப்பவும் ஏதோ சொல்லிச் சிரிச்சேன். என்ன சொன்னேன். ஞாபகம் இல்ல. அந்தக் கேள்விதான் ஞாபகம் இருக்கு. தூக்கம் கெட்டாலே வலிப்பு வர்ற மூளைக்கு வாசலத் தொறந்து விட்ட மாதிரின்னாங்க. வலிப்புன்னு உறுதியானா மருந்து, ஒழுங்கா மருந்து சாப்பிட்டா நெறையப் பேரு நல்லாருக்காங்க, ஆனா அது அடங்குற வரைக்கும் வண்டியத் தொடக்கூடாது. வண்டியன்னா. பைக்கா டாக்டர்? "எல்லா வண்டியும்." எல்லா. அந்த மூணெழுத்த அந்தம்மா சொன்ன மாதிரி எனக்கு இன்னும் சொல்ல வரல.

கிணுக்கு. லீமா கையசைச்சுட்டா. இல்ல, காலு மரத்துப்போயி மாத்தி வச்சிருப்பா. தூங்காத. தூங்கு. எது. சத்தியமா எனக்கே தெரியல, ஒரு பக்கம் தூங்குன்னு சொல்றேன், இன்னொரு பக்கம் வலது கால் கட்டவெரல கட்டில் கம்பியில தேச்சுக்கிட்டே இருக்கேன், போர்வைக்குள்ள, யாருக்கும் தெரியாம. தூங்குனா அது வெளிய வரும். தூங்காட்டி வராது. வராட்டி பேப்பர்ல ஒண்ணும் இல்ல. பேப்பர்ல ஒண்ணும் இல்லாட்டி திங்கக்கெழம ஸ்கூலு தொறக்கும், காலாண்டு லீவு முடிஞ்சு, ஆறரைக்கி நான் வேன எடுப்பேன், முதல் வளைவுல ஆரன் அடிக்க மாட்டேன், வாயாலயே அடிப்பேன், பாம்ப்பாம் பம்பம்பாம், பதினாலு பிள்ளைகளும் வீட்டு வாசல்லயே குதிக்கும். இதுல என்ன தப்பு. அப்ப மூளைக்குள்ள என்ன இருந்தா என்ன, பேப்பர்ல இல்லைன்னா இல்லதான. அன்னைக்கி வீட்ல வந்தது ஒரே ஒரு தடவ. ஞாயித்துக்கெழம காலையில, பூசைக்குக் கெளம்ப சட்ட பட்டன் போட்டுக்கிட்டு இருந்தேன், அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும். மூணாவது பட்டன். அப்பறம் பாத்தா தரையில கெடக்கேன், நாக்கு ஓரம் கடிபட்டு வாய்க்குள்ள துரு வாசம், லீமா என் தலையைத் தொடையில வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா. நடுவுல உள்ளது காணல. படத்துல ரீலு அந்து போன மாதிரி. என்ன ஆச்சுன்னு கேட்டேன். எப்பிடி இருந்தேன், செஞ்சு காட்டுன்னு கேட்டேன். இது வெளையாட்டுக்குக் கேக்கல. ஊர்ல உள்ளவன் பூரா எப்பிடி இருப்பான்னு நான் செஞ்சு காட்டுறேன், நான் எப்பிடி இருந்தேன்னு எனக்கு ஒருத்தரு காட்ட வேணாமா. கையி எப்பிடிப் போச்சு, வாயி எந்தப் பக்கம் கோணுச்சு, சத்தம் என்ன சத்தம். அவ அரிசியக் களைஞ்சுக்கிட்டே இருந்தா. மூணு தண்ணி மாத்துனா. அப்பறம் என்னையப் பாக்காமயே சொன்னா, "நீங்க இல்ல. வேற ஆரோ மாதிரி இருந்திய."

வேற யாரோ. யாரு. எனக்கு நூத்திப்பத்துக் கொரலு தெரியும், எல்லாருக்கும் பேரு இருக்கு, ஊரு இருக்கு, எப்ப வரணும்னு நாந்தான் கூப்பிடுவேன், கூப்பிட்டா வருவாய்ங்க, போடான்னா போயிருவாய்ங்க. இவன் யாரு கூப்பிடாம வந்தவன். டிக்கெட்டு எடுக்காம ஏறி, என் சீட்டுலயே உக்காந்து, என் கையையும் காலையும் எடுத்து ஆட்டிட்டு, நான் வர்றதுக்குள்ள எறங்கிப் போறவன். எந்த ஸ்டாப்புல நிக்கிறான்னு தெரியல. இப்ப இங்க நிக்கிறானா. தலைமாட்டுலயா. கண்ணத் தொறந்து பாக்கலாமா. தொறந்தா சிஸ்டரு "அண்ணன், அடைங்க"ம்பாங்க. ஏசி உர்ருங்குது, அந்த உர்ருக்குள்ள இன்னொரு சன்னச் சத்தம், சீட்டியடிக்கிற மாதிரி, அது ஏசியா இல்ல என் காதா. வெரல் நுனியெல்லாம் எறும்பு ஊருது. காப்பிதான், காப்பி அப்பிடித்தான் பண்ணும். இல்ல, அவன் வர்றதுக்கு முன்னாடி இப்பிடித்தான் ஊருமோ. அன்னைக்கி ஊருச்சா. மூணாவது பட்டனுக்கு முன்னாடி எறும்பு ஊருச்சா. ஞாபகம் இல்லயே. ரயில்வே கேட்டுல ஊருச்சா. ஐயோ, அத நெனைக்காத. அது இல்ல. அது கணக்குல இல்ல. வேற எதையாச்சும் நெனை. கோலப்பொடிக்காரம்மா, நீங்க வாங்க, ஒரு கொரலு குடுங்க. கோலப்பொடீஈஈ. சிஸ்டரு கொஞ்சம் முந்தி கண்ணுக்கு நேரா ஒரு லைட்ட வச்சு பளிச் பளிச் பளிச்சுன்னு அடிச்சாங்களே, மெதுவா ஆரம்பிச்சு வேகமா, கண்ண மூடியிருந்தாலும் எமையெல்லாம் செவப்பாத் தெரிஞ்சுச்சு, செவப்பு, கருப்பு, செவப்பு, கருப்பு, கூட்ஸ் வண்டி போகும்போது ஒவ்வொரு பொட்டிக்கும் நடுவுல வெயிலு வந்து மூஞ்சில அடிக்குமே, அதே மாதிரி. பாத்தியா, வந்துருச்சு. எங்கிட்டுப் போனாலும் அந்தக் கேட்டுலதான் கொண்டுவந்து நிறுத்துது.

சரி. வா. வந்து தொலை. பரீட்ச முடிஞ்ச அன்னைக்கி, சாயந்தரம் நாலு மணி, கேட்டு போட்டுருச்சு. நான் எஞ்சின அமத்திட்டேன், ஆண்டவரே, அமத்துனனே, அது ஒண்ணுதான். பிள்ளைக பதினாலும் உள்ள. லீவு விட்ட குஷி, ஒண்ணு சீட்டு மேல நிக்குது, ஒண்ணு இன்னொண்ணு பென்சில் டப்பாவப் புடுங்குது. எல்லாரும் உக்காருங்க, பேசாம இருந்தா மாமா கூட்ஸ் வண்டி விடுவேன்னேன். உக்காந்துச்சுக. வண்டி வந்துச்சு. நானும் வாயில வண்டிய ஓட்டுனேன், தடக் தடக், தடக் தடக், நெஜ வண்டியோட சேந்து, ஒண்ணோட ஒண்ணு கலந்து எது அது எது நான்னு தெரியாத மாதிரி, வெயிலு பளிச் பளிச்சுன்னு அடிக்குது, பத்துப் பொட்டி எண்ணுனேன், பதினொண்ணு, பன்னெண்டு. அப்பறம் பின்னாடி லாரிக்காரன் ஆரன் அடிச்சுக்கிட்டு இருக்கான். வண்டியக் காணல. கேட்டு எப்பவோ தொறந்து கெடக்கு. என் சட்டையில எச்சி வழிஞ்சு ஈரம். வலது கையி என்னோடது மாதிரியே இல்ல, மடியில செத்த மீன் கெடக்குற மாதிரி கெடக்கு. அப்ப ஒரு சத்தம் கேட்டுச்சு பாருங்க, அது என்னன்னு மொதல்ல வெளங்கல, படபடபடன்னு. கை தட்டுது. பிள்ளைக கை தட்டுதுக. பதினாலும். "சூப்பர் மாமா, இன்னொரு தடவ செஞ்சு காட்டுங்க மாமா." முன் சீட்டுல உக்காருற மூணாங்கிளாஸ் தர்ஷிகா, பல்லு விழுந்த வாயோட சிரிச்சுக்கிட்டே கேட்டுச்சு, "அது யாரு மாமா? இப்ப செஞ்சீங்களே, அது யாரு?"

அது யாரு. எத்தன மேடையில கை தட்டு வாங்கியிருக்கேன். அந்த மாதிரி ஒரு கை தட்டு வேணாம்பா. நான் என்ன சொன்னேன் தெரியுமா, பேயிடின்னு சொன்னேன், வாயக் கோணிக்கிட்டு, தெரிஞ்ச மாதிரி, இப்பிடித்தான இருந்துச்சுன்னு. இல்ல மாமா, அப்பிடி இல்ல, முன்னாடி செஞ்சதுதான் சூப்பரு, இது சும்மான்னு சொல்லிருச்சுக. பதினாலு வீட்டுலயும் எறக்கி விட்டேன். கம்மாக்கர வழியா. கம்மாக்கர. ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் பள்ளம், ஒரு வண்டி போனா எதுத்தாப்ல சைக்கிளு நிக்கும். கேட்டுலருந்து அஞ்சு நிமிசம். அஞ்சு நிமிசம் அவன் பிந்தி வந்திருந்தா. நிறுத்து. ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இறுக்கிப் புடிச்சு, வழி பூரா ஏ பி சி டி சத்தமாச் சொல்லிக்கிட்டே போனேன், நடுவுல விட்டுப்போனா வந்துட்டான்னு தெரிஞ்சுக்கிறதுக்கு. பிள்ளைகளும் கூடவே பாடிக்கிட்டு வந்துச்சுக. கட்டக்கடைசி பிள்ளைய எறக்கி விட்டுட்டு ஒரு டீக்கடையில நிறுத்தி ரெண்டு காப்பி அடுத்தடுத்துக் குடிச்சேன். தூக்கந்தான், அசதிதான், வேற என்னன்னு சொல்லிக்கிட்டேன். துண்டப் போடு, சகாயம், எல்லா சீட்டுலயும் துண்டப் போடு, அவனுக்கு எடமே இருக்கக்கூடாது. ரெண்டு நாளு கழிச்சு அந்த ஞாயித்துக்கெழம. மூணாவது பட்டன். கேட்டுல நடந்தத டாக்டரம்மாகிட்டச் சொல்லல. லீமாகிட்டச் சொல்லல. கேட்டுல போட்டிருந்த சட்டைய அவதான் தொவச்சா. காலர்ல ரெத்தப் புள்ளி இருந்துச்சுன்னு அப்பறமாத்தான் நான் பாத்தேன், கொடியில காயும்போது, போகாம லேசா மஞ்சளா நின்னுச்சு. அவ சட்டைய மடிச்சு வச்சா. இப்ப என்னைய பாத்துக்கிட்டு இருக்காளா, போர்வைய பாத்துக்கிட்டு இருக்காளா. காலு. கட்டவெரலு. போர்வ அசையுமே. நிறுத்து. நிறுத்துனா ஒடனே வருது பாரு, நெத்திக்கு நடுவுல யாரோ மயிலெறகால தடவுற மாதிரி, ஏசி சத்தம் தூரப் போகுது, ஒரு பஸ்ஸு, பஸ்ஸு பூரா வெள்ளத் துண்டு, ஒவ்வொண்ணா எவனோ எடுத்து மடிச்சு வைக்கிறான், நிக்கிற கூட்டத்துல தர்ஷிகா நிக்குது, மாமா எடம் இருக்கான்னு கேக்குது, இல்லம்மா எறங்கிக்க, எறங்கிக்க, அது எறங்கல, ஏறிக்கிட்டே இருக்குக, ஒண்ணு ரெண்டு மூணு, பதினாலு, ஸ்டியரிங்ல எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு ஒருத்தன், என் சட்ட, மூணாவது பட்டன் வரைக்கும் போட்டிருக்கான், திரும்பப் போறான்.

நகத்த வச்சு தொடையில அழுத்துனேன். முழிப்பு. ரெண்டு வெரக்கட தூரத்துல தப்பிச்சேன். யாருகிட்டருந்து தப்பிச்சேன். அவன் மூஞ்சிய பாத்திருக்கலாம்ல. இம்புட்டு நாளா யாரு யாருன்னு கேட்டவன், திரும்பும்போது ஓடி வந்துட்டேன். கிள்ளுன எடம் எரியுது. நல்லது, எரியட்டும். எரிஞ்சா முழிச்சிருக்கேன். ஆனா சீட்டுல முதுகக் காட்டி உக்காந்தவன் இன்னும் அங்கதான உக்காந்திருக்கான், நான் பாக்காட்டி எறங்கிருவானா. பேப்பர்ல இல்லைன்னா வேனுலயும் இல்லையா. திங்கக்கெழம ஆறரை மணி. பாம்ப்பாம் பம்பம்பாம். இந்நேரம் வரைக்கும் ரெண்டு பூனையும் சத்தமே போடல, கண்டக்டரும் போடல, எல்லாரும் சொன்ன சொல்லக் கேட்டு உக்காந்துட்டாய்ங்க. மண்டைக்குள்ள இப்பிடி ஒரு அமைதிய நான் கேட்டதே இல்ல. எனக்கு அது புடிக்கல. யாராச்சும் பேசுங்கப்பா.

டக்குன்னு லைட்டு. கண்ணு கூசுது. ஷைலா சிஸ்டரு தலைமாட்டுக்கு வந்து நின்னுக்கிட்டு நாக்கச் சொடுக்குறாங்க.

"போதும், எந்திங்க அண்ணன். நாப்பது நிமிசம் ஆச்சு, நீங்க ஒறங்கவே இல்ல. ஒரேயொரு தடவ ஒறக்கம் வாசல் வர வந்துச்சு, பிடிச்சுத் தள்ளுன மாதிரி திரும்பிப் போச்சு. ராத்திரி ஒறங்குனியளோ?"

"கண்ணே மூடல சிஸ்டர்."

"அப்பம் இப்பிடி வராதே. சாயாவோ காப்பியோ எதாவது குடிச்சியளா?"

இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். எந்திரிச்சு உக்காந்தேன், வயரோட, மகுடி ஊதுனதும் பாம்பு பொட்டியிலருந்து எந்திரிக்கிற மாதிரி. போன காதுல வச்ச மாதிரி கைய வச்சுக்கிட்டு, கழுத்த ஒரு பக்கமாச் சாச்சு, அந்தம்மா கொரல அந்தம்மாவுக்கே எடுத்துக் குடுத்தேன். "அண்ணன், எண்ண தேய்க்கப்பிடாது, நல்லா காப்பி குடிச்சிட்டு வந்துருங்க, வெறும் வயித்தோட வரப்பிடாது." அப்பறம் என் கொரல்ல, "நீங்க சொன்னீங்க, நான் மூணு டம்ளர் குடிச்சேன். என் மேல என்ன தப்பு?"

சிஸ்டரு வாயில கைய வச்சுக்கிட்டாங்க. சிரிப்பு வந்துருச்சு, வெக்கமும் வந்துருச்சு. "என் மாதாவே. அது அப்பிடி இல்ல அண்ணன். எங்க ஊர்ல காப்பி குடிக்கதுன்னா காலைல இட்லி தோச தின்னுகதாக்கும். பலகாரத்ததான் காப்பின்னு சொல்லுவோம். வயிறு காலியா வராதிய, சாப்பிட்டுட்டு வாங்கன்னு சொன்னேன். இங்க வந்து ஆறு வருசம் ஆச்சு, இன்னும் இந்த நாக்கு மாறல." வயர ஒவ்வொண்ணாப் பிடுங்கிக்கிட்டே சிரிக்கிறாங்க. பசையில முடி ஒட்டிக்கிட்டு வருது, வலிக்கல. "டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன், எனக்க தப்புதான். வியாழக்கெழம திரும்ப வாங்க, இந்தத் தடவ ஒரு சொட்டு காப்பி ஆகாது, கேட்டியளா."

வியாழக்கெழம. அதுக்கு முன்னாடி திங்க, செவ்வா, புதன். ஒரு நாளைக்கி ரெண்டு நடை. மண்டைக்குள்ள கண்டக்டரு எந்திரிச்சு ஒரு விசிலு குடுத்தாரு. போலாம் ரைட். கட்டில விட்டு எறங்குனேன். தரை ஜில்லுன்னு இருந்துச்சு. மூலைக்கிப் போயி லீமாகிட்ட கைய நீட்டுனேன்.

"சாவியக் குடு. கெளம்புவோம்."

அவ எந்திரிக்கல. என் கட்டவெரலப் பாத்தா. கம்பியில தேச்சுத் தேச்சு தோலு உரிஞ்சு செவந்து கெடந்துச்சு. வெரல மடக்கி சாவிய இறுக்குனா, மணிச் சத்தம் நின்னு போச்சு. சிஸ்டரு கையில வயரோட திரும்பிப் பாத்தாங்க.

"பதினாலு வருசமா ‘காப்பி குடிக்க வாருங்க’ன்னு கூப்பிடுதேன்," லீமா சொன்னா. "ஒரு நாளாவது டம்ளர எடுத்துட்டு வந்திருக்கியளா? தட்டத்தானே எடுத்துட்டு வந்திய."